தொட்டாலும் நிற்காத கதவு

ஒருவெட்டுக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை. முப்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவர். கோழியின் இரண்டு இறக்கைகளையும் இடது கையில் சேர்த்துப் பிடிப்பார், கட்டைவிரலால் தாடையை மேலே தள்ளுவார், வலது கையால் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்கு அந்தக் கத்தி போனதை யாரும் பார்த்ததில்லை. கோழிக்குத் தான் செத்த சேதி தெரிவதற்குள் அதன் தோல் உரிந்துவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையில் எட்டுக் கோழிகள் செல்லமாக வளர்ந்தன என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று தெருவே சொன்னது. ஆனால் கோழிகள் அவர் மனைவியுடையவை. முட்டி தேய்ந்து, கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவர் வீட்டோடு உட்கார்ந்த வாரமே அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்: "முப்பது வருஷம் உங்க சட்டையில ரத்தக்கறை தேச்சுத் தேச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு. இனிமே இந்த வீட்ல கோழின்னா அது உயிரோட நடக்கணும். உங்க கத்தி கொல்லைப்பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது." கத்தி கோணிக்குள் புகுந்து பரணுக்குப் போயிற்று.

சண்டை ஒரு சனிக்கிழமை வந்தது. மகாராணி என்று அம்மாள் பெயர் வைத்திருந்த வெள்ளைக்கோழி அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறி எச்சம் போட்டுவிட்டது. அவர் பார்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுங்களுக்குத் திமிர் ஏறிப் போச்சு. ரெண்டைச் சட்டியில போட்டாத்தான் மிச்சத்துக்குப் புத்தி வரும்" என்று எழுந்து குதித்தார்.

அடுப்படியிலிருந்து கரண்டி ஒன்று பறந்து வந்து அவர் காதை உரசிக்கொண்டு சுவரில் மோதியது. காரை பெயர்ந்து விழுந்தது. "தொட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்மாள். அவருக்கும் மண்டை சூடேறிவிட்டது. "தொடறது என்ன? ஒரு நாள் பாரு, ஒண்ணு விடாம கழுத்தைத் திருகிப் போடறேனா இல்லையான்னு!" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை பாவம், அது இவ்வளவு சத்தமாகக் கெட்டிருக்காது.

அம்மாள் கோபத்தில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டதால், அன்று பொழுது சாயும்போது கூண்டை மூடும் வேலை அவருக்கு வந்தது. போனார், கதவைப் புறங்கையால் தள்ளிச் சாத்தினார், வந்துவிட்டார். கொக்கி போடவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை, அந்தக் கைக்குக் கொக்கி போடும் பழக்கமே கிடையாது. கறிக்கடைக் கூண்டுக்குள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கை போய் வர வேண்டும், எவன் கொக்கி போடுவான்? சாத்தினால் போதும், கோழி கதவைத் தள்ளாது. கோழி வெளியே போய்விடக் கூடாது என்ற கவலைதான் அந்தத் தொழிலில் உண்டு. வெளியிலிருந்து ஒன்று உள்ளே வரும் என்று அவர் எதற்காக யோசித்திருக்கப் போகிறார்? அங்கே உள்ளே வந்தது அவர் கை மட்டும்தான். எண்ணியும் பார்க்கவில்லை. கடையில் எடைதான் கணக்கு, தலைக்கணக்கு கிடையாது.

விடிந்ததும் அம்மாள் போட்ட அலறலில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கொல்லை முழுக்க இறகு. ஐந்து கோழிகள் மண்ணில் கிடந்தன. மகாராணிக்குத் தலையே இல்லை, கழுத்தெலும்பு வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் கோழியின் வயிறு கிழிந்து, அன்று இடவேண்டிய முட்டை ஓடில்லாமல் ரத்தத்தில் உருண்டு கிடந்தது. மரநாயின் வேலை. தின்றது ஒரு கோழிகூட இருக்காது, மற்றதெல்லாம் வெறிக்குக் கடித்துப் போட்டது. கூண்டின் மேல் கட்டையில் இரண்டு கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. எட்டாவது கோழி, நொண்டி, துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து தத்தித் தத்தி வெளியே வந்தது. எல்லாக் கோழியும் அடைந்த பிறகுதான் அது ஆடி அசைந்து வந்து சேரும். முந்தின நாள் அது வருவதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார். அதனால் வெளியே கிடந்து, அதனாலேயே பிழைத்தது.

கீழே கிடந்ததில் ஒன்று இன்னும் சாகவில்லை. கண்ணைத் திறந்து திறந்து மூடியது, காலால் மண்ணைப் பிறாண்டியது. அவர் குனிந்து அதை எடுத்து ஒரு திருகு திருகினார். அவருக்கு அது இரக்கம். அம்மாளுக்கோ, நேற்றுச் சொன்ன வார்த்தையை இன்று கண்ணெதிரே செய்து காட்டியது போல் இருந்தது.

"சொன்ன மாதிரியே முடிச்சிட்டீங்க" என்றாள்.

"ஐயையோ, மரநாய்டி! நான் கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன்."

"கொக்கி?"

அந்த இடத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தால் பாதிச் சண்டையோடு போயிருக்கும். ஆனால் அவருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. மகாராணியைக் காலைப் பிடித்துத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "இங்கே பாரு, கிழிசல் எப்படி இருக்குன்னு பாரு, பிசிறு பிசிறா! என் கை பட்டா இப்படியா இருக்கும்? நான் செஞ்சிருந்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்காது?" தன் பக்கத்துக்கு இப்படி ஒரு சாட்சியம் சொன்ன மனுஷன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

அம்மாள் அவருடைய கையையே பார்த்தாள். "இனிமே இந்தக் கூண்டுக் கதவை அந்தக் கை தொடக் கூடாது" என்றாள். அதோடு அவரிடம் நேராகப் பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நொண்டி வழியாகத்தான். "நொண்டி, உங்க ஐயாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "நொண்டி, முட்டிக்குப் போடற மாத்திரை தீரப் போகுதாம், ஞாபகப்படுத்து." நொண்டி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும், அவர் போய்ச் சாப்பிடுவார். முதல் இரண்டு நாள் அவருக்கே சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாளைக்கு நூறு தரம் காதில் விழுந்த "என்னங்க" என்ற சொல் இல்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக மனுஷர் ஏங்கினார்.

வேறு வழி தெரியாமல், தெரிந்த வழியில் இறங்கினார். கம்பிப் பொறி வைத்தார், ஐந்தாம் நாள் மரநாய் மாட்டியது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக நின்று அவரைப் பார்த்துச் சீறியது. கோணியைப் போட்டு அமுக்கி, விறகுக் கட்டையால் மண்டையில் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கோணி அடங்குகிற வரைக்கும் அடித்தார். கட்டையால் அவர் செய்த முதல் கொலை அது, அசிங்கமாக இருந்தது. தூக்கிப் பார்த்தபோது அடிவயிற்றில் பால் கட்டியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாலைப் பிடித்துக் கொண்டுபோய் அம்மாள் முன் போட்டு, "இதுதான் செஞ்சது, பாத்துக்கோ" என்றார்.

அம்மாள் நொண்டியிடம் சொன்னாள்: "பாத்தியா, இன்னொன்னையும் அடிச்சுக் கொன்னுட்டு வந்து நிக்கிறார். தானா மூடற கதவு ஒண்ணு விக்கிதாமே. அதை வாங்கி மாட்டச் சொல்லு. மனுஷக் கையை நம்பினது போதும்."

மறுநாளே அவர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு பண்ணைச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். மச்சான் அம்மாளின் தம்பி, மின்சார வேலை செய்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். போகிற வழியில் தன் பழைய கடையில் நிறுத்தி, ஒரு கோழிக்காலை எலும்போடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் அவர். "எதுக்கு மாமா?" என்று மச்சான் கேட்டதற்கு, "பொண்ணு பாக்கப் போறப்ப வெறுங்கையோடவா போறது?" என்றார்.

கடைக்காரப் பெண் மூன்று கதவுகளைக் காட்டினாள். மூன்றும் மேலிருந்து கீழே இறங்குபவை, மூன்றுக்கும் வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு சின்னக் கண். இருட்டினால் இறங்கும், விடிந்தால் ஏறும். முதல் கதவின் கீழே அவர் கோழிக்காலை வைத்தார். கதவு இறங்கி, லேசாகத் தொட்டு, வந்த வழியே மேலே போய்விட்டது.

"நடுவுல கோழி நின்னா அடிபடாதுங்க ஐயா. தொட்ட உடனே திரும்பிடும்" என்றாள் அந்தப் பெண் பெருமையாக.

"மரநாய் கை வச்சாலும் திரும்பிடும். வாங்க வாங்கன்னு வழி விடற கதவு எனக்கு எதுக்கும்மா? இது தொட்டாச்சிணுங்கி. அடுத்தது."

இரண்டாவது கதவு தொட்டு, சற்று அழுத்தி, நின்றது. "இது யோசிக்குது" என்றார். மூன்றாவது பெரிய பண்ணைகளுக்காகச் செய்தது. கனத்த தகடு, திருகுத்தண்டு, அதை இறக்கும் மோட்டார். கோழிக்காலின் மேல் அது இறங்கியது, தொட்டது, நிற்கவில்லை. மடக்கென்று ஒரு சத்தம். எலும்பு இரண்டாகி, தோல் நசுங்கி, உள்ளிருந்த மஜ்ஜை பிதுங்கி வந்தது. கடைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் முகம் மலர்ந்தது.

"இதை எடு."

"ஐயா, வீட்டுக்கு இது வேண்டாங்க. மேகம் கறுத்தாக்கூட இருட்டுன்னு நினைச்சு இறங்கிடும். நடுவுல கோழி மாட்டினா..."

"மாட்டாது. பொழுது சாஞ்சா கோழிக்கு வீடு தெரியும். திருடனுக்குத்தான் தெரியாது." அவருக்கு அப்போது நொண்டி நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. முழுக்க இருட்டிய பிறகுதானே கதவு இறங்கும், அதற்குள் அதுவும் வந்துவிடும் என்று அந்த நினைவை அதட்டி உட்கார வைத்தார். முன்பு உள்ளே வருவதைப் பற்றி யோசிக்காத மனுஷர், இப்போது அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

மச்சான் கதவைப் பொருத்தினான். மரநாய் நகம் நுழைத்துத் தூக்கிவிடக் கூடாது என்று இவர் சொல்ல, தகட்டின் கீழ் விளிம்பில் ஓர் இரும்புப் பட்டையும் அடித்தான். நிறுத்தும் பொத்தானை எதுவும் அழுத்திவிடக் கூடாது என்று மோட்டார்ப் பெட்டியை நாலு திருகாணி போட்டு மூடினான். அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏன்டா, கோழி நடுவுல நின்னா இது நின்னுடுமா?"

மச்சான் அவரை ஓரக்கண்ணால் பார்த்தான். "நின்னுடும்க்கா. தொட்டா மேலேயே போயிடும். பஞ்சு மாதிரி."

அவர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கதவும் போய்விடும், அதை நம்பி அவர் காத்திருந்த சொல்லும் போய்விடும்.

ஒன்பது நாள் கதவு குறை சொல்ல இடம் வைக்காமல் வேலை செய்தது. ஒரு நாள் காலை தகட்டில் நீளநீளமாக நகக்கீறல் இருந்தது. செத்த மரநாயின் ஜோடியாக இருக்க வேண்டும். அம்மாள் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நொண்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கதவு நல்ல கதவுதான்டி. உங்க ஐயா பாத்துத்தான் எடுத்திருக்கார்." அவர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அதில் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

பத்தாம் நாள், மணி நாலுதான் இருக்கும். அம்மாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கிலிருந்து மேகம் கருகருவென்று ஏறி வந்து தலைக்கு மேலே நின்றது. கொல்லை இருண்டது. முதல் தூறல் விழுந்ததும் இரண்டு கோழிகள் கூண்டுக்குள் ஓடிவிட்டன. பெட்டிக்குள் மோட்டார் உறுமத் தொடங்கியது. துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து நொண்டி புறப்பட்டு, இறக்கையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்து வாசல் கட்டையில் ஏறியது. ஏறி, நின்றது. தலையைச் சாய்த்து அம்மாள் இருக்கும் பக்கம் பார்த்தது.

"போ உள்ளே! ஏய், போ!" என்று கத்திக்கொண்டு அவர் ஓடினார். தேய்ந்த முட்டி இரண்டு தரம் மடங்கிற்று. கதவு நொண்டியின் முதுகில் இறங்கியது, தொட்டது, நிற்கவில்லை. கோழி வாயைப் பிளந்து போட்ட சத்தத்தை முப்பது வருஷத்தில் அவர் கேட்டதில்லை. அவர் கத்தி ஒரு கோழிக்கும் கத்த நேரம் கொடுத்ததில்லை. மண்டியிட்டு விழுந்து வலது கையைத் தகட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கினார். இரும்புப் பட்டை நாலு விரலையும் கட்டையோடு வைத்து அழுத்தியது. மடக்கென்றது. கடையில் கேட்ட அதே சத்தம். இந்தத் தடவை அது அவருடைய தோள் வரைக்கும் ஏறியது.

அம்மாள் துணியைப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடி வந்தாள். தகட்டுக்கு அடியில் முனையைக் கொடுத்து, முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்து நெம்பினாள். பெட்டிக்குள் ஏதோ பல் உடைந்து மோட்டார் செத்தது. கையும் கோழியும் ஒன்றாக வெளியே வந்து விழுந்தன. நொண்டியின் பின்பாதி தட்டையாகக் கிடந்தது, குடல் வெளியே வந்திருந்தது. முன்பாதிக்கு அது தெரியவில்லை. கழுத்தைத் தூக்கித் தூக்கி எழுந்து நடக்கப் பார்த்தது.

"என்னங்க" என்றாள் அம்மாள்.

அந்தச் சொல்தான். அது வந்தே விட்டது.

"என்னங்க, துடிக்குதுங்க. என்னால பாக்க முடியல. சீக்கிரம் முடிச்சிருங்க."

அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நாலு விரலும் நாலு திசையைப் பார்த்தன. "கை இல்லடி. நீதான் செய்யணும். பரண்ல கோணிக்குள்ள கத்தி இருக்கு, ஓடு."

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். எந்தக் கத்தி கொல்லையை எட்டிப் பார்க்கக் கூடாது என்றாளோ, அதே கத்தி. அவர் தன் இடது கையால் நொண்டியின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார். "கட்டைவிரலால தாடையை மேலே தள்ளு. இன்னும் கொஞ்சம். இப்போ அதோட கண்ணைப் பாக்காதே, கத்தியைப் பாரு. பயந்துக்கிட்டு மெதுவா இழுத்தேன்னா அதுக்குத்தான் வேதனை. ஒரே இழுப்பு." மழை கனத்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரே வெட்டு. இரண்டாவது தேவைப்படவில்லை. ரத்தம் அவள் மணிக்கட்டில் அடித்து, முழங்கை வழியாக இறங்கி மழையோடு போயிற்று.

நொண்டி அடங்கியது. அம்மாள் தன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கு வலிச்சிருக்குமாங்க?"

முப்பது வருஷத்தில் அவரை ஒருவரும் கேட்காத கேள்வி. "வெட்டுல வலிச்சிருக்காது" என்றார்.

"என் கையால கொன்னுட்டேனே. என் கையாலயே கொன்னுட்டேனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் ரத்தம் அப்பியது. அவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அந்தச் சொல் அவருக்கே சொந்தம், சாகும் வரைக்கும் ஒரு நாளைக்கு நூறு தரம். ஆனால் அவள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை.

"நீ கொல்லலடி. கதவு கொன்னுச்சு. அது தொட்டா நிக்கிற கதவு இல்ல, நிக்காத கதவு. கடையில கோழிக்காலை வச்சு, எலும்பு உடையுதான்னு பாத்து நான்தான் எடுத்தேன். உன் தம்பி சொன்னது பொய். நான் பக்கத்துலதான் நின்னேன், தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டேன்."

அம்மாள் அடித்துக்கொள்வதை நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள். நனைந்த துணிக்குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கிழித்து, அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, விரல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அவர் வலியில் "அம்மா" என்று முனகினார். அவள் இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு அவரை விட்டு முகத்தைத் திருப்பி, கம்பி வலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு கோழிகளையும் பார்த்தாள்.

"அடியே, உங்க ஐயாகிட்ட சொல்லுங்க. என் தம்பியை வண்டியோட வரச் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுவரைக்கும் கையைக் கீழே தொங்க விடாம மேலே தூக்கி வச்சுக்கச் சொல்லுங்க."

அவர் கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.